வெயில் பாடம்: மே மாதத்துக்கு யார் பொறுப்பு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ பாதுகாப்பு, மனிதவளம், சிஎஸ்ஆர் என்று ஏதாவது ஒரு பொறுப்பில் இருப்பவரிடம் பிப்ரவரி கடைசியில் இந்த வேலை வந்து விழும். "ஸ்கூல் பசங்களுக்கு வெயில் விழிப்புணர்வு ஒண்ணு பண்ணிடுங்க. திருவாலங்காடு பக்கம் நாலு பள்ளி போதும். மார்ச்சுக்குள்ள பில் வந்துடணும்." நிதியாண்டு 31ஆம் தேதி முடிகிறது என்பதுதான் அந்த அவசரத்துக்குக் காரணம். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து நடப்பதை யாரும் ஊகிக்கலாம். லோகோ போட்ட தொப்பி, ஒரு பேனர், ஒரு பீரியட் சொற்பொழிவு, குரூப் போட்டோ. ஏப்ரலில் தேர்வு முடிந்து பள்ளியைப் பூட்டிவிடுவார்கள். மே 4ஆம் தேதி வாக்கில் கத்திரி பிறக்கும்போது நீங்கள் பாடம் நடத்திய பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த வளாகத்தில் இருக்க மாட்டார்கள். மட்டையோடு ஏரிக்குள் இருப்பார்கள், குடத்தோடு குழாயடியில் நிற்பார்கள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சூளை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

பள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டால் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதம் கைநழுவிப் போகும். அந்த மாதத்தில் பிள்ளைகளின் நேரமும் நிழலும் தண்ணீரும் யார் கையில் இருக்கின்றன என்று தேடிப் போவதுதான் இந்த வேலையில் பாதி. அவர்களில் பலர் உங்கள் பவர்பாயின்ட்டில் இடம்பெறும் வகை ஆட்கள் அல்ல.

எதைச் சொல்லித் தருவது

இந்தத் துறையில் உலக அளவில் பெயர் பெற்றது ஆஸ்திரேலியா. 1981இல் விக்டோரியா மாநிலத்தின் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு, ஒரு கடற்பறவைக் கார்ட்டூனை வைத்துப் பிரச்சாரம் தொடங்கியது. சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்பதுதான் அதன் பாட்டு. 1988இல் அது 'சன்ஸ்மார்ட்' திட்டமாக வளர்ந்தது. அங்கே பல தொடக்கப் பள்ளிகளில் தொப்பி கொண்டுவராத பிள்ளைக்கு வெயிலில் விளையாட அனுமதி கிடையாது. இணையத்தில் கிடைக்கும் பாடப்பொருளில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தது. ஒழுங்காகச் செய்யப்பட்ட வேலைதான், ஆனால் அப்படியே இங்கே இறக்காதீர்கள். அவர்களுடைய முதல் பயம் தோல் புற்றுநோய். நம் தோலில் மெலனின் அதிகம், இங்கே அந்த நோய் அரிது. திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளையை வெயில் கீழே தள்ளுவது நீரிழப்பாலும் வெப்ப மயக்கத்தாலும்தான். கண்ணுக்கும் அது கெடுதல். சன்ஸ்கிரீனுக்கு ஒதுக்கிய தொகையைத் தண்ணீருக்கும் நிழலுக்கும் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு பள்ளமும் உண்டு. "வெயில்ல ஆடாதடி, கறுத்துடுவ" என்று நம் வீடுகளில் சொல்வது ஆரோக்கியத்துக்காகச் சொல்வது அல்ல. உங்கள் நிகழ்ச்சியில் அழகுசாதன நிறுவனம் ஒன்று ஸ்பான்சராக நுழைந்தால், அல்லது பேச வந்தவர் பழக்க தோஷத்தில் அப்படி ஒரு சொல்லை நழுவவிட்டால், கறுத்த பிள்ளையின் காதில் விழும் பாடம் வேறாகிவிடும். பேசுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: நிறத்தைப் பற்றி ஒரு சொல் கூடாது. வெயிலே ஆகாது என்ற பயத்தையும் ஏற்ற வேண்டாம். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி அந்த வெயிலிலிருந்துதான் வருகிறது.

பிள்ளைகளுக்குக் கருவி இல்லாமல் கற்றுத்தரக்கூடிய அளவுகோல் நிழல். உன் நிழல் உன்னைவிட நீளமாக இருந்தால் ஆடலாம், குட்டையாக இருந்தால் மரத்தடிக்குப் போ. உலக சுகாதார நிறுவனம் புற ஊதாக் கதிருக்கு ஒரு குறியீட்டெண் வைத்திருக்கிறது. 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை, 11 என்றால் அதி தீவிரம். நம் வட்டாரத்தில் ஏப்ரல், மே நண்பகலில் 11ஐத் தொடுவது சாதாரணம். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எண் எதற்கு? நிழல் போதும்.

அந்த நிழலே காணாமல் போகும் நாளும் நம்மிடம் உண்டு. சென்னை அட்சரேகையில் சூரியன் ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒருமுறையும் நேர் உச்சிக்கு வரும். திருவாலங்காட்டுக்கும் ஏறக்குறைய அதே நாள்தான். பகல் 12 மணி தாண்டிப் பத்து நிமிடம் சுமாருக்கு, நட்டுவைத்த குச்சியின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அறிவியல் அமைப்புகள் இதை 'நிழலில்லா நாள்' என்று பள்ளிகளில் நடத்திக் காட்டுகின்றன. ஏப்ரல் தேதி பெரும்பாலும் தேர்வுக்கும் விடுமுறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆகஸ்டில் பள்ளி நடக்கும், மேகம் மட்டும் வழிவிட வேண்டும்.

மெயின்டனன்ஸ் அலமாரியில் ஒரு துப்பாக்கி

கொரோனா காலத்தில் கேட் வாசலில் நெற்றிக்கு நீட்டிய வெப்பமானி எல்லாத் தொழிற்சாலையிலும் இன்னும் கிடக்கிறது. அதை எடுத்துப் போகாதீர்கள். அது மனித உடம்புக்கானது. 43 டிகிரிக்கு அருகிலேயே கைவிரித்து, திரையில் 'ஹை' என்று காட்டி நின்றுவிடும். மெயின்டனன்ஸ்காரர்கள் பேரிங் சூட்டையும் பேனல் சூட்டையும் பார்க்க வைத்திருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைக் கேளுங்கள். அதுதான் தரையையும் தகரத்தையும் அளக்கும்.

பகல் 11 மணிக்கு ஐந்தாறு பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து வளாகத்தைச் சுற்றவிடுங்கள். சிமென்ட் முற்றம், சறுக்கு மரத்தின் இரும்புத் தகடு, சைக்கிள் சீட், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கேட்டுக்கு வெளியே தார்ச்சாலை, வேப்பமரத்தடி மண், வகுப்பறைக் கூரையின் உள்பக்கம். ஒவ்வொன்றையும் அவர்களே சாக்பீஸால் கரும்பலகையில் எழுதட்டும். சாலைக்கும் மரத்தடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்ததும் வகுப்பு சலசலக்கும். அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியது குறைவு. செருப்பில்லாமல் சாலையில் ஓடக்கூடாது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். சிவப்பு லேசர் புள்ளியை எவர் கண்ணிலும் காட்டக்கூடாது என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பட்டியலின் நகல் ஒன்று உங்களுக்கும் வேண்டும். எந்த வகுப்பறைக் கூரைக்கு வெள்ளையடிக்க வேண்டும், எங்கே நிழல் வலை கட்ட வேண்டும் என்ற உங்கள் அடுத்த பட்ஜெட் கோரிக்கைக்கு அதுவே ஆதாரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த மாவட்டத்தில் வெயில் ஒன்றல்ல. திருவாலங்காடு அரக்கோணம் ரயில் பாதையில், கடலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கடற்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், சில நாள் வராமலே போகும். பக்கத்துத் திருத்தணியோ கோடையில் 'சதமடித்த' ஊர்ப் பட்டியலில் நிரந்தர உறுப்பினர். கும்மிடிப்பூண்டி அப்படியல்ல, பழவேற்காடு ஏரியின் ஈரக் காற்று படும் ஊர். வெப்பமானி அங்கே குறைவாகக் காட்டினாலும் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வானிலை ஆய்வு மையம் வெப்ப அலையைக் கணிக்கும்போது சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி என்று தனித்தனி வரம்பு வைத்திருப்பது சும்மா அல்ல. ஆகவே கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்குத் தயாரித்த அட்டையை அப்படியே திருவாலங்காட்டில் ஒட்டாதீர்கள். அங்கே காற்றோட்டம் முதல் கவலை, இங்கே நிழலும் தலைமறைப்பும்.

மணி அடித்தால் போதுமா?

2019இல் கேரளப் பள்ளிகள் தண்ணீர் குடிக்க என்றே தனி மணி அடிக்கத் தொடங்கின. தமிழ்நாட்டிலும் 2025இல் பள்ளிக் கல்வித்துறை காலை 11, பகல் 1, மாலை 3 என்று மூன்று வேளை 'வாட்டர் பெல்' அடிக்கச் சொன்னது. நல்ல ஏற்பாடு. உங்கள் திட்டம் புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் இதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

மணி அடிக்கும்போது வகுப்பின் பின்பக்கம் நின்று பாருங்கள். பையன்கள் பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் சிலர் உதட்டை நனைத்து மூடிவிடுவார்கள். தாகம் இல்லாமல் அல்ல. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அங்கே குழாயில் தண்ணீர் வராது, அல்லது தாழ்ப்பாள் இருக்காது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பள்ளியில் நீங்கள் எத்தனை வண்ணப் பாட்டில் கொடுத்தாலும் பயனில்லை. உங்கள் தொழிற்சாலையில் பிளம்பர் இருக்கிறார், ஃபிட்டர் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவர்களை அழைத்துப்போய்க் குழாயையும் தாழ்ப்பாளையும் ஃபிளஷையும் சரி செய்யுங்கள். வெயில் பாதுகாப்புக்கு இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. அறிக்கையில் எழுத அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

பாடத்தின் மற்ற பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறுநீர் எள்ளெண்ணெய் நிறத்துக்குப் போனால் தண்ணீர் போதவில்லை. தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, கை கால் இழுக்கிறது என்றால் ஆட்டத்தை நிறுத்தி டீச்சரிடம் சொல்ல வேண்டும். கூட ஆடுபவனுக்கு வந்தால் நீ சொல்ல வேண்டும். பிள்ளைகள் தமக்கு முடியவில்லை என்பதைச் சொல்ல வெட்கப்படுவார்கள், அடுத்தவனைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட மாட்டார்கள். இந்தச் சுபாவத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், இருவர் இருவராகச் சோடி சேர்த்துவிடுங்கள்.

பெரியவர்களுக்குத் தனிப் பாடம் வேண்டும். பிள்ளை பிதற்றினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது சாதாரண மயக்கம் அல்ல. 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் கொண்டுபோவது. நினைவு சரியில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அணிவகுப்பில் மயங்கி விழும் பிள்ளையின் வாயில் சோடாவை வைக்க ஓடிவரும் கை எல்லாப் பள்ளியிலும் உண்டு, அந்தக் கையைத்தான் நீங்கள் பழக்க வேண்டும்.

ஓஆர்எஸ் வாங்கும்போது இரண்டு விஷயம். உலக சுகாதார நிறுவன அளவுப்படி இருக்கும் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அவசரத்தில் ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கும், அது நல்லதைவிடக் கெடுதலே செய்யும். அடுத்தது, அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள். ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த வகைப் பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடத் தடை விதித்தது. உங்கள் பர்ச்சேஸ் பிரிவு சுவைக்காகவோ விலைக்காகவோ அதை வாங்கி அனுப்பிவிடும், பில்லைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மே மாதத்து ஆட்கள்

கூட்டாளிகளைத் தேடும்போது பெரிய பெயர்களை விட்டுவிட்டுச் சாவி யாரிடம் என்று பாருங்கள். என் பட்டியலில் முதல் ஆள், ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியைத் திறந்து மூடும் ஆபரேட்டர். அவர் பகல் 12 மணிக்குத் தண்ணீர் விட்டால் ஊர்ப் பிள்ளைகள் 12 மணிக்குக் குடத்தோடு வெயிலில் நிற்பார்கள், காலை 7 மணிக்கு விட்டால் நிற்க மாட்டார்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஊராட்சிச் செயலரிடம் பேசி, மோட்டார் ஓடும் மின்சார நேரத்தையும் கேட்டு, முடிந்த இடத்தில் மாற்றச் சொல்லலாம்.

அந்தப் பேச்சை எழுத்தாக்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கத்திரிக்கு ஆறு வாரம் முன்னால் வருகிறது. குழாய் நேரம், பேருந்து நிறுத்தத்தில் நிழல், தண்ணீர்ப் பந்தல் மூன்றையும் அன்று தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். மே 1 சபையில் அது நடந்ததா என்று கேட்கலாம். தலைவர் இருக்கிறாரா, தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறதா என்பது காலத்துக்குக் காலம் மாறும். செயலர் எப்போதும் இருப்பார், அவரோடு உறவு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்தும் இளைஞர் மன்றம். மே மாதம் காய்ந்த ஏரியில் டென்னிஸ் பந்துப் போட்டி இல்லாத ஊர் இங்கே குறைவு. காலை 9 மணிக்குத் தொடங்கிப் பொழுது சாயும்வரை ஓடும். சின்னப் பையன்கள் பந்து பொறுக்கவும் ஸ்கோர் போர்டு மாற்றவும் நாள் முழுக்க நிற்பார்கள். மன்றத்துத் தம்பிகளிடம் போய், "வெயில்ல ஆடாதீங்க" என்றால், "சரிண்ணா" என்று தலையாட்டிவிட்டு ஆடுவார்கள். கோப்பைக்கு ஸ்பான்சர் கேட்டு வருவார்களே, அப்போது பேசுங்கள். கோப்பையோடு பந்துச் செலவும் தருகிறோம். ஆட்டம் காலை 6 முதல் 10.30, மாலை 4க்கு மேல். ஒரு நாள் போட்டியை இரண்டு நாளாக்குங்கள். எல்லைக் கோட்டோரம் ஒரு பந்தல், ஒரு மண்பானை. "ஃபைனல் ஞாயித்துக்கிழமையே முடியணும்ணா" என்பார்கள். முடியும், சனிக்கிழமை சேர்த்தால். நோட்டீஸில் நேரத்தை அச்சடித்துவிட்டால் பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

கோயிலை மறக்க வேண்டாம். திருவாலங்காட்டு வடாரண்யேஸ்வரர் கோயில், நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை. பெயரிலேயே ஆலமரக் காடு. பங்குனி உற்சவத்துக்குப் பிள்ளை குட்டியோடு கூட்டம் வரும், கல்தரை கொதிக்கும். அறநிலையத் துறைக் கோயில்களில் நடைபாதைக்குத் தேங்காய் நார் விரிப்பு போடுவதும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் நீர்மோர் கொடுப்பதும் பழகிய வழக்கம்தான். அந்த விரிப்பு பிள்ளைகள் ஓடும் இடம்வரை நீளுமா, நீர்மோர்ப் பந்தலில் குழந்தை உயரத்துக்கு ஒரு குழாய் உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி. அனுமதிக்கு அலைபவர்களுக்கு ஒரு குறிப்பு: இது திருத்தணி முருகன் கோயிலின் உபகோயில். கடிதம் போக வேண்டிய இடம் திருத்தணி.

செங்கல் சூளைதான் கடினமான இடம். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மழை ஓய்ந்தபின் வந்து, அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள். அதாவது, மற்ற பிள்ளைகள் வெயிலுக்கு ஒதுங்கும் மாதங்கள் முழுவதும் இவர்கள் திறந்த வெளியில் இருக்கிறார்கள். கல் அறுப்பவர்கள் பலர் நள்ளிரவுக்கு மேல் வேலையைத் தொடங்கி வெயில் ஏறும் முன் நிறுத்திவிடுவார்கள். பெற்றோர் அயர்ந்து தூங்கும் பகல் நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது, தலைக்கு மேலே தாழ்ந்த தகரமோ தார்ப்பாயோதான்.

இங்கே கூட்டு முயற்சி சாத்தியமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே மாவட்டத்தில் சூளைப் பிள்ளைகளுக்காகப் பணியிடப் பள்ளிகள் நடந்திருக்கின்றன. உரிமையாளர்கள் இடம் கொடுத்தார்கள், ஒடிசாவிலிருந்து ஒடியா மொழிப் பாடநூல் வந்தது, கற்பிக்கவும் ஆட்கள் வந்தார்கள், கல்வித் துறையும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தின. அந்த வழியிலேயே ஒரு நிழல் வலைக் கூடம், ஒரு தண்ணீர்ப் பானை, பகல் 11 முதல் 4 வரை பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்ல ஒடியா தெரிந்த ஓர் அக்கா என்று கேட்டால் உரிமையாளர் பெரும்பாலும் மறுக்க மாட்டார். அட்டை, போஸ்டர் எதையும் தமிழில் மட்டும் போடாதீர்கள். சூளைக்கு ஒடியா, கும்மிடிப்பூண்டி லைன் வீடுகளுக்கு இந்தி, எல்லைப்புற ஊர்களுக்குத் தெலுங்கும் வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. காயும் கல்லைப் புரட்டிப்போட ஒரு பிள்ளை வெயிலில் குந்தியிருப்பதைக் கண்டால், அதற்குத் தொப்பி கொடுக்காதீர்கள். அது குழந்தைத் தொழிலாளர் முறை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலையில் வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1098க்குச் சொல்லுங்கள். பாதுகாப்பு வகுப்பு என்ற பெயரில் அந்த வேலையை வசதியாக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

வெயிலில் போகாதே என்று மட்டும் சொல்லிவிட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதையும் யோசியுங்கள். கிணறு, கல்குவாரிக் குட்டை, கொசஸ்தலை ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம். கோடை விடுமுறையில் நீரில் மூழ்கும் செய்தி வராத வருஷம் உண்டா? நிழலான இடம் ஒன்றைக் காட்டாமல் தடை மட்டும் போடுவது ஆபத்து. ஊர் நூலகம், சமுதாயக் கூடம், சாவி கிடைத்தால் பள்ளியின் ஒரு வகுப்பறை என ஏதாவது ஒன்று பகலில் திறந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு கேரம் போர்டு, பொறுப்பாக ஒரு பெரியவர்.

கடிதம், கையெழுத்து, போட்டோ

கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டுமான வேலை அதில் சேராது. உங்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மட்டும் முகாம் நடத்திவிட்டு சிஎஸ்ஆர் கணக்கில் எழுதினால் தணிக்கையில் கேட்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று தொடக்கக் கடிதத்திலேயே இருக்கட்டும். அரசுப் பள்ளிக்குப் பொருளாகவோ பணமாகவோ தருவதென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழி இருக்கிறது.

பள்ளிக்குள் போக வாய்மொழி அனுமதியை நம்பாதீர்கள். சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவர் பேசியது 2024 செப்டம்பரில் பெரும் சர்ச்சையான பிறகு, தலைமையாசிரியர்கள் எழுத்து இல்லாமல் யாரையும் உள்ளே விடத் தயங்குகிறார்கள். தயங்குவது சரிதான். முதன்மைக் கல்வி அலுவலகக் கடிதம், பேசப்போகும் விஷயத்தின் நகல், வருபவர் பெயர்ப் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள், அங்கே வரும் அம்மாக்கள்தான் மே மாதத்தில் உங்கள் கண்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம செவிலியரையும் அதே கூட்டத்துக்கு அழைத்துவிட்டால் ஓஆர்எஸ் பாடம் அவர் வாயால் வரும். கம்பெனிச் சட்டை போட்டவர் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

போட்டோ விஷயத்தில் கறாராக இருங்கள். பெற்றோர் எழுத்து அனுமதி இல்லாமல் பிள்ளை முகம் லிங்க்ட்இன்னுக்கும் ஆண்டறிக்கைக்கும் போகக்கூடாது. தன்னார்வலர் எவரும் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

மேலதிகாரி எண் கேட்பார். எத்தனை தொப்பி என்பதைக் கொடுக்காதீர்கள். அகமதாபாத்தைச் சொல்லுங்கள். 2010 மே மாத வெப்ப அலையில் அந்த நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வு கணக்கிட்டது. 2013இல் மாநகராட்சியும் காந்திநகரின் பொதுச் சுகாதார நிறுவனமும் வெளிநாட்டு அமைப்புகளும் சேர்ந்து வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தன. தெற்காசியாவில் அதுவே முதல். அதன் பலம் விழிப்புணர்வுப் பேச்சில் இல்லை. எந்த நிற எச்சரிக்கை வந்தால் எந்தத் துறை என்ன செய்யும் என்று முன்பே எழுதி வைத்ததில் இருக்கிறது. உங்கள் நாலு பள்ளிக்கும் அதையே ஒரு தாளில் செய்யலாம்: மஞ்சள் எச்சரிக்கை என்றால் காலை வழிபாட்டுக் கூட்டம் வராந்தாவில், ஆரஞ்சு என்றால் விளையாட்டு பீரியட் வகுப்புக்குள், யார் முடிவெடுப்பது, யார் மணி அடிப்பது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் வைத்திருக்கிறது. இனி இது தர்ம காரியம் அல்ல, பேரிடர் ஆயத்தம் என்று உங்கள் கோப்பில் தலைப்பையே மாற்றலாம். பாதுகாப்பு அலுவலருக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும்.

எண் வேண்டுமென்றால் இவற்றை எடுங்கள்: குழாய் நேரம் மாறிய ஊர் எத்தனை, பகல் ஆட்டம் நின்ற டோர்னமென்ட் எத்தனை, தண்ணீர் வரும் கழிப்பறை எத்தனை, மே மாதம் திறந்திருந்த நிழல்கூடம் எத்தனை நாள். அடுத்த வேலைக்குப் போகும்போது நேர்முகத்தில் உங்களிடம் கேட்பதும் இதுதான். ஊராட்சி, கோயில் நிர்வாகம், சூளை உரிமையாளர், பள்ளி ஆகிய நால்வரையும் ஒரே விஷயத்துக்குச் சம்மதிக்க வைத்தவர்கள் இந்தத் தொழில் வட்டாரத்தில் குறைவு.

ஜூன் தொடக்கத்திலேயே பள்ளி திறப்பது உறுதி என்றும் நினைக்க வேண்டாம். 2023இல் வெயில் தணியாமல் திறப்பைத் தள்ளிவைத்து, பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று மாற்றினார்கள். நிழல்கூடத்துக்கான ஆளையும் பானையையும் ஜூன் 15 வரை பேசி வையுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அடுத்த கோடைக்கான குழாய் நேரத்தை மறுபடி தீர்மானத்தில் ஏற்றுங்கள். மூன்று நாள் கழித்து வரும் நிழலில்லா நண்பகலுக்குப் பள்ளியில் குச்சி நட இப்போதே அனுமதிக் கடிதம் கொடுத்துவிடுங்கள். இந்த முறை நிதியாண்டு முடிய ஏழு மாதம் இருக்கும்.